மூன்றாம் லைன் வாங்கிக்கொண்ட குரல்கள்

தண்ணீர் ஓடிப் பார்த்து நெடுங்காலமாகிவிட்ட பாலாற்றின் மணற்கரையில், அந்த ஊரில் யாரும் போயே இராத நாடுகளில் யார் யாரோ போட்டுக்கொண்டு நடக்கப்போகும் ஷூக்களைத் தைத்து அனுப்பும் ஒரு கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனியின் மூன்றாம் லைனில், தைத்து வரும் மேல்தோல்களில் நூல் பிசிறு வெட்டும் கடைசி இடத்துக்கு முந்தின இடத்தில் அஞ்சலாட்சி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்குள் குரல்கள் குடியிருந்தன.

அவை ஏன் வந்தன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டதால் வந்தது என்றார்கள் சிலர், இல்லை, வயசுக்கு வந்த காலத்திலிருந்தே இவள் தனியாகப் பேசுவாள் என்றாள் அண்ணி, அண்ணன் ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்த ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தான், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினான், கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில்தான் அவள் கொஞ்சம் தூங்கினாள், குளித்தாள், தலை பின்னிக்கொண்டு வேலைக்கும் வந்தாள். ஆனால் மாத்திரை குரல்களின் சத்தத்தைக் குறைத்ததே தவிர அவற்றை வீட்டைக் காலி செய்ய வைக்கவில்லை. விடியும்போதே திட்ட ஆரம்பிக்கும் ஒரு பொம்பளைக் குரல் இருந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணிக்கொண்டிருக்கும் குரல் ஒன்று இருந்தது. பின்னாலிருந்து "அஞ்சலா, அஞ்சலா" என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தால் இல்லாமல் போகும் ஒரு கிழவன் குரல் இருந்தது. ஓயாமல் அழும் கைக்குழந்தை ஒன்று இருந்தது. சோற்றில் மருந்து கலந்திருக்கிறது, தொடாதே என்று சொல்லும் குரலும் ஒன்று இருந்தது. அதனால் அவள் மத்தியானங்களில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்திருப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம், கேன்டீனில், எதிரே உட்கார்ந்திருந்த குர்ஷித்துக்குப் பொறுக்கவில்லை. குர்ஷித் தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவும் மிஷினில் லைனின் முதல் ஆளாக உட்காருபவள், நாலு பிள்ளை பெற்றவள், லைனில் எல்லோரும் அவளை, உருதுவில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, பாஜி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னாடி, இன்னிக்கும் சாப்பாட்ட மொறச்சி பாத்துக்கினே ஒக்காந்துருக்க?"

"மருந்து போட்டிருக்குன்னு சொல்லுது பாஜி."

"யாரு சொல்றது?"

அஞ்சலாட்சி தலையைத் தொட்டுக் காட்டினாள்.

"அத என்கிட்ட குடு. எனக்கு நாலு புள்ளைங்க, ஒரு புருஷன், ஒரு மாமியா, இத்தன பேரு பேசறத கேக்கறேன், இத கேக்க மாட்டேனா?"

குர்ஷித் அதைக் கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து வந்து, முக்காட்டை ஒதுக்கி, தன் காதை அஞ்சலாட்சியின் காதோடு வைத்தாள். காதும் காதும் வைத்தாற்போல் என்று நாம் சொல்லுவது ரகசியத்துக்கு. இது ரகசியமாக நடக்கவில்லை, கேன்டீன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது. குரல் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு, பக்கத்து வீட்டுக்குப் போகிற பூனை மாதிரி, அவசரமில்லாமல் போய்விட்டது. குர்ஷித் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு தன் தட்டிலிருந்த கேன்டீன் சாம்பார் சோற்றைப் பார்த்தாள்.

"இது சொல்றதுல ஒண்ணும் பொய் இல்லடி," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அஞ்சலாட்சி அன்று தன் டிபன் பாக்ஸைக் காலி செய்தாள், கழுவினாள், கழுவின பாக்ஸைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எண்ணும் குரலை, தையல் மிஷினில் உட்காரும் அமுலு வாங்கிக்கொண்டாள். அமுலு வாயாடி, கை அதைவிட வேகம், அந்தக் குரல் வந்த பிறகு அது அவளுக்குத் தையலை எண்ணிக் கொடுத்ததில் இன்னும் வேகமாகிப்போனாள். அழும் குழந்தையைத் தெரேசா வாங்கிக்கொண்டாள். பசை தடவி மடிக்கிற தெரேசாவுக்குப் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊராகப் போயிருந்தார்கள், அவள் மடிக்கும்போது ஒரு காலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள், குழந்தை தெரேசாவின் தலைக்குள் அழுகையை நிறுத்தித் தூங்கியது என்று அவளே சொன்னாள். கிழவனின் கூப்பிடும் குரல் நாடா கோக்கும் ஓட்டைகளுக்கு ஐலெட் வளையம் அடிக்கிற பெண்ணிடம் போனது, அவள் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதவள் என்பதால். திட்டுகிற குரலை சூப்பர்வைசர் எத்திராஜ் வாங்கிக்கொள்ளட்டும், அவருக்கு உபயோகமாயிருக்கும் என்று அமுலு சொல்லி லைனே சிரித்தது; எத்திராஜ் சிரிக்கவில்லை.

"எனக்கு மேல இருக்கறவன் திட்றதே எனக்குப் போதும். வேலைய பாருங்க. கையில தேக்காத, தள்ளு, தள்ளு," என்றார். முடித்த தோலைக் கையில் தேக்கி வைக்காமல் பக்கத்து ஆளிடம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் லைனின் சட்டம், அதைச் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். திட்டும் குரல் கடைசியில் வாரத்துக்கு ஒருவர் என்று சுற்றியது.

"அவ்ளோதானா? இன்னும் எதாச்சும் உள்ள கீதா?" என்று குர்ஷித் கேட்டபோது, அஞ்சலாட்சி இல்லையென்று தலையாட்டினாள், கொஞ்சம் சீக்கிரமாகவே ஆட்டினாள்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி இருந்தது. கம்பெனி வேனில் குரல் வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் சீட் என்று முடிவானது, வெளியே பார்த்துக்கொண்டு வந்தால் குரல் கொஞ்சம் அடங்கியது. அமுலுவின் புருஷன் கன்னியப்பன், ஊரான் வீட்டுக் குரல் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று வாசலில் நின்று சண்டை போட்டான், அமுலு அதை வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்தாள், ஆடு வாங்கிக்கொள்ளவில்லை, மனுஷக் காதுக்குத்தான் அது போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. பள்ளிவாசலில் ஒருவர், இன்னொருத்தரின் நோயைச் சுமப்பது நல்ல காரியம்தான், தொழுகை நேரத்தில் மட்டும் அது பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சர்ச்சில் ஃபாதர் தெரேசாவின் தலையில் வழக்கத்தைவிட மெதுவாகக் கையை வைத்தார். ஆஸ்பத்திரி டாக்டர்தான் கொஞ்சம் பேசினார். குர்ஷித்தும் அஞ்சலாட்சியும் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க கூட எத்தன பேர் இருக்காங்க?" என்று மட்டும் அஞ்சலாட்சியிடம் கேட்டார். ஒரு லைன் முழுக்க என்றாள் குர்ஷித். "மாத்திரைய நிறுத்தாதீங்க. இதையும் பண்ணுங்க, அதையும் சாப்பிடுங்க," என்று எழுதிக்கொடுத்தார்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் நல்லது நடக்கிற இடத்தை மேலே இருப்பவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எச்.ஆர். மேடம் ஷாலினி சென்னைக்காரி, கம்பெனி குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள், கெட்டவள் அல்ல. வருஷா வருஷம் அக்டோபர் மாதத்தில், மனநலத்துக்காக என்று எல்லோர் சம்பளத்திலும் ஒரு நாளைப் பிடித்து, மனம் பேதலித்து ரோட்டில் திரிந்த பெண்களைக் கொண்டுவந்து வைத்திருந்த ஒரு காப்பகத்துக்குக் கொடுப்பது வழக்கம். அந்தக் காசில் அங்கே பாய் வாங்கினார்கள், மின்விசிறி வாங்கினார்கள், யாருக்கும் அதில் வருத்தமில்லை. அந்த வருஷம் மூன்றாம் லைனின் விஷயம் ஷாலினி காதுக்குப் போய், அவளிடமிருந்து சென்னை ஆபீசுக்குப் போய், அங்கிருந்து ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் போனது. அவர்கள் இதைப் போல எங்கேயும் கேள்விப்பட்டதில்லை என்று எழுதினார்கள். ஒரு நாள் மிஷின்களை நிறுத்தி, எல்லோரையும் முற்றத்தில் உட்காரவைத்து, ஷாலினி மைக் பிடித்தாள்.

"இந்த வருஷம் நாம பணம் மட்டும் குடுக்கப்போறதில்ல. நம்ம மூணாவது லைன் அக்காங்க காட்டின வழியில, காப்பகத்துல இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயிருந்தும் ஒவ்வொரு குரல நாம வாங்கிக்கப்போறோம்."

குர்ஷித் எழுந்து நின்றாள். "அவங்க கேட்டாங்களா மேடம்?"

"யாரும்மா?"

"அங்க இருக்கறவங்க."

ஷாலினி ஒரு கணம் மைக்கைப் பார்த்தாள். "கேக்கற நிலைமையில அவங்க இல்லம்மா. அதனாலதான் நாம போறோம்."

ஏ.சி. அறைக்காரர்கள் கணக்கு வழக்கு பார்க்க வேண்டியவர்கள் என்பதால் அவர்கள் கைதட்டினால் போதும் என்று விடப்பட்டார்கள். கான்ட்ராக்டில் வேலை செய்த பெண்களிடம் விருப்பமா என்று கேட்டார்கள், விருப்பமில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் விருப்பம் என்றார்கள். வேன்கள் காப்பகத்துக்குப் போயின. வராந்தாவில் வரிசையாக உட்காரவைக்கப்பட்ட மொட்டைத் தலைப் பெண்களின் காதுகளோடு ஷூ கம்பெனிப் பெண்கள் தங்கள் காதுகளை வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள்.

வேன் திரும்பி வரும்போது ஜன்னல் சீட் எல்லோருக்கும் போதவில்லை.

அஞ்சலாட்சியின் குரல் என்றால், அது கொஞ்சம் பிடிபடாதபோது மத்தியானம் அவளிடமே போய், இது இன்னாடி இப்படிச் சொல்லுது, இதுக்கு இன்னா சொன்னா அடங்கும் என்று கேட்டுக்கொள்ளலாம். இந்தக் குரல்களைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. சில குரல்கள் கத்தின, சில குரல்கள் அடித்த அடியின் சத்தமாக மட்டும் இருந்தன. ஒரு கான்ட்ராக்ட் பெண், தனக்குள் யாரோ கதவை உடைப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டதில் தையல் ஊசி அவள் விரலுக்குள் இறங்கியது. தெரேசா வாங்கிவந்த குரல் இந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில், ஏதோ ஒரு பெயரை, சாயங்காலம் விளையாடப் போன பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தெரேசாவுக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து, அவள் மட்டும் காப்பகத்துக்குப் போனாள். குரலைக் கொடுத்த பெண் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் போன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று காப்பகத்தில் சொன்னார்கள். தெரேசாவைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து, தானாகவே காதைச் சாய்த்துக் கொடுத்தாள். குரல் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள், சிரித்தாள்.

"அவ பாஷையில அவகிட்ட பேச அது ஒண்ணுதான் இருந்துச்சி," என்று தெரேசா மறுநாள் கேன்டீனில் சொன்னாள். "அத போய் தானம்னு எடுத்துக்கினு வந்துட்டேன் நான்." அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது.

விரலில் ஊசி இறங்கியதும், ஷூக்களின் எண்ணிக்கை இறங்கியதும் மேலே தெரிந்தபோது, எடுத்த போட்டோக்கள் போக வேண்டிய வெளிநாட்டுக்கு ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தன. கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: தன்னுடையது அல்லாத எந்தக் குரலும் இனி கம்பெனி வளாகத்துக்குள் வரக் கூடாது, வாங்கியவர்கள் வாங்கிய இடத்தில் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். காப்பகத்துக் குரல்கள் வேனேறித் திரும்பிப் போயின; அங்கிருந்த பெண்களில் சிலர் அவற்றைத் திரும்பி வந்த உறவுக்காரர்களைப் போல வாங்கிக்கொண்டார்கள், சிலர் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், அவர்களைப் பிடித்து உட்காரவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதைச் செய்தவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்கள்.

"அஞ்சலாட்சியோடதும்தான்," என்றாள் ஷாலினி, யார் முகத்தையும் பார்க்காமல். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் கேட்டுப் பாத்துட்டேன் மேல. முடியாதுன்னுட்டாங்க."

ஒரேயடியாக எல்லாவற்றையும் கொடுத்தால் தாங்க மாட்டாள், ஒவ்வொன்றாகக் கொடுப்போம், முதலில் நான் கொடுக்கிறேன் என்று குர்ஷித் அஞ்சலாட்சியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். காதோடு காதை வைத்தாள். தன்னிடமிருந்த குரல் கிளம்புவதற்கு முன்னாலேயே, அந்தப் பக்கம், காலியாயிருக்க வேண்டிய அந்தத் தலைக்குள், யாரோ பேசுவது அவளுக்குக் கேட்டது. அது திட்டவில்லை, அழவில்லை. அத்தனை அன்பான ஒரு குரலைக் குர்ஷித் தன் அம்மா மௌத்தான பிறகு கேட்டதில்லை. கேட்டபோது அது அவளுடைய அம்மாவின் குரலில், அவளுடைய வீட்டு உருதுவிலேயே பேசியது. போதும் கண்ணு, ரொம்பக் களைச்சிட்ட, எழுந்து என்கூட வா என்றது.

குர்ஷித் காதை எடுத்தாள்.

"எப்பலேந்து கீது இது?"

"மொதல்லேந்தே."

"எல்லாம் குடுத்துட்டேன்னு சொன்ன?"

"யாருக்கு குடுக்கறது பாஜி? உனக்கு நாலு புள்ள. தெரேசாக்கா தனியா இருக்குது. அமுலு சின்னப் பொண்ணு." அஞ்சலாட்சி சுவரில் சாய்ந்துகொண்டாள். "மத்ததெல்லாம் இருக்கறப்ப இது சன்னமாத்தான் கேக்கும். நீங்க அதுங்கள எல்லாம் எடுத்துக்கினு போனப்புறம் ஊடு காலியாச்சா, இது மட்டும் தெளிவா கேக்க ஆரம்பிச்சிடிச்சி. உங்கள தப்பு சொல்லல பாஜி. நீங்க நல்லதுதான் பண்ணீங்க."

குர்ஷித் அஞ்சலாட்சியின் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, காதைக் காதோடு அழுத்தி, அந்தக் குரலை இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு லைனுக்குத் திரும்பி வந்து, மிஷினில் உட்கார்ந்து, நாலைந்து தோல்களைச் சீவினாள். பிறகு மிஷினை அணைத்தாள். செருப்பைப் போடாமல், முக்காடு நழுவினதைச் சரி செய்யாமல், சந்தைக்குக் கிளம்புகிறவள் போல நிதானமாக எழுந்து கேட்டை நோக்கி நடந்தாள்.

அஞ்சலாட்சிதான் முதலில் பார்த்தாள். "புடிங்க! பாஜிய புடிங்க!" என்று அவள் கத்தின கத்தலில் எல்லா மிஷினும் நின்றது. எத்திராஜ் ஓடினார். தடித்த உடம்போடு ஓடி, கேட்டுக்கு முன்னால் அவளைக் கட்டிப்பிடித்து நிறுத்தி, "இன்னாம்மா பண்ற நீ, எங்கம்மா போற," என்று அவள் காதருகே முகத்தை வைத்துக் கத்தினார், கத்தினவர் அப்படியே நின்றுவிட்டார். குரல் அவரிடம் வந்திருந்தது. அவருக்கு அது என்ன சொன்னது என்று அவர் பிற்பாடும் சொல்லவில்லை. வெயிலில் சிமென்ட் தரையில் உட்கார்ந்துகொண்டார், சரி, சரி என்று சின்னப் பையனைப் போலத் தலையாட்டினார். அமுலு குனிந்து அதை அவரிடமிருந்து வாங்கினாள், வாங்கின உடனே அவள் முகம் மாறியதைப் பார்த்து ஐலெட் பெண் அவளிடமிருந்து பிடுங்கினாள், அவளிடமிருந்து தெரேசா, தெரேசாவிடமிருந்து திரும்பக் குர்ஷித். அப்போது அமுலுதான் சொன்னாள்.

"கொஞ்ச நேரம்னா தாங்குது பாஜி. வச்சிக்கினாத்தான் அது வேலையைக் காட்டுது. வச்சிக்காதீங்க. தள்ளுங்க."

அவர்களுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். லைனில் போய் உட்கார்ந்தார்கள். குர்ஷித் சீவின தோலைத் தெரேசாவிடம் நீட்டும்போது தலையைச் சாய்த்துக் குரலையும் தள்ளினாள், தெரேசா பசை தடவி மடித்து அமுலுவிடம் தள்ளினாள், அமுலு தைத்து ஐலெட்டுக்குத் தள்ளினாள், அது அஞ்சலாட்சியிடம் வந்தபோது எல்லோரும் கையை நிறுத்தாமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். அஞ்சலாட்சி மற்றவர்களைப் போலவே தலையைச் சாய்த்து வாங்கினாள், பிசிறு வெட்டினாள், கடைசி இடத்திலிருந்த செக்கிங் பெண்ணிடம் தள்ளினாள். செக்கிங்கிலிருந்து எத்திராஜ் வாங்கி, லைனின் நீளத்துக்கு நடந்து வந்து, குர்ஷித்திடம் கொடுத்தார். "தேக்காத, தள்ளு, தள்ளு," என்று அவர் கத்தியது அன்று முழுக்க, தொண்டை கட்டிப்போகும் வரைக்கும், கேட்டுக்கொண்டே இருந்தது.

வேனில் சீட்டுக்குச் சீட்டு அது போனது. ஊருக்குப் போன பிறகு போனில் கொடுத்துப் பார்த்தார்கள்; டவர் இல்லாத இடங்களில் விட்டு விட்டு வந்தாலும் வந்து சேர்ந்தது. யார் யாருக்கு எப்போது கூப்பிட வேண்டும் என்று தங்களுக்குள் பேசிவைத்தார்கள், வீட்டு வேலைகளுக்கு நடுவில் போன் அடித்தால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டு, சோறு வடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுலு காய்ச்சலில் கிடக்க, வந்த போனைக் கன்னியப்பன் எடுத்தான். பேசாமல் கேட்டான். பிறகு வாசலில் போய் உட்கார்ந்து, அமுலுவின் போனில் அடுத்த ஆளின் பெயரைத் தேடி, "இந்தாம்மா, சீக்கிரம் வாங்கிக்க," என்றான். அன்றிலிருந்து அவனும் லைனில் ஓர் ஆள். மற்ற குரல்களைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இதனால் அஞ்சலாட்சி சுகமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. அவள் மாத்திரை சாப்பிட்டாள், மாத்திரையைச் சாப்பிட்டாளா என்று எத்திராஜ் கேட்டார், சில நாள் அவள் வேலைக்கு வரவில்லை, அந்த நாட்களில் யாராவது ஒருவர் அவள் வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்களும் பழையபடி இல்லை. சாயங்காலங்களில் அவர்கள் ரொம்பக் களைத்திருந்தார்கள்.

நோட்டீஸை மீறி நடப்பது தெரிந்து ஷாலினி மூன்றாம் லைனுக்கு வந்தாள். அன்று தெரேசா வரவில்லை, அவளுடைய ஸ்டூல் காலியாக இருந்தது, எத்திராஜ் அங்கே நின்றபடி தானே பசை தடவிக்கொண்டிருந்தார்.

"எத்திராஜ், என்ன நடக்குது இங்க? என்னைக் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

எத்திராஜுக்குக் கை ஓயவில்லை. அமுலுதான், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஆளு கம்மியா கீது மேடம். செத்த ஒக்காருங்க. ஒக்காந்து பாத்துட்டு இன்னா வேணா எழுதுங்க."

ஷாலினி எதற்காக உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்து குர்ஷித் தோலை நீட்டி, தலையைச் சாய்த்தாள்.

வாங்கின பிறகு ஷாலினி அசையவில்லை. தோல்கள் அவள் முன்னால் சேர்ந்துகொண்டே போயின. பயந்துபோய் எத்திராஜ் குனிந்தபோது, அவள் மிகச் சாதாரணமாக, தெரிந்தவரை வழியில் பார்த்ததைச் சொல்வது போலச் சொன்னாள்: "இது எனக்குத் தெரியும்."

"மேடம், தள்ளுங்க," என்றாள் அமுலு.

"இல்ல. குவார்ட்டர்ஸ்ல தினமும் கேக்கறேன். இதேதான். நான் ஏ.சி. சத்தம்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"தெரிஞ்சதோ தெரியாததோ, இங்க யாரும் வச்சிக்கக் கூடாது மேடம். தள்ளுங்க."

ஷாலினி அமுலுவின் பக்கம் தலையைச் சாய்த்துத் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து, வரிசையின் கோடியைப் பார்த்து, லைன் முழுக்கக் கேட்கக் கேட்டாள். "அஞ்சலாட்சி, அது கூப்பிடறப்ப நீ என்னதான் பதில் சொல்லுவ?"

"இந்த ஜோடி முடியட்டும்னு சொல்லுவேன் மேடம்."

"முடிஞ்சதும்?"

"அடுத்தது வந்துடும் இல்ல," என்று அஞ்சலாட்சி கத்தரிக்கோலால் எதிரே குவிந்திருந்த தோல்களைக் காட்டினாள்.

சங்கு ஊதும் வரை ஷாலினி அந்த ஸ்டூலில்தான் இருந்தாள். அவள் தடவின பசை கோணலாக இருந்ததை எத்திராஜ் துடைத்துத் துடைத்துச் சரி செய்தார். மேலே என்ன எழுதினாள் என்று தெரியவில்லை. நோட்டீஸ் கேட்டிலேயே இருந்தது, அதைப் பற்றிக் கேட்டு யாரும் மறுபடி வரவில்லை.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இன்னும் போகாத நேரம், குவார்ட்டர்ஸில் ஷாலினி செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடம், நான் அஞ்சலாட்சி. எத்திராஜ் சார்கிட்ட உங்க நம்பர் வாங்கினேன்."

"சொல்லும்மா. இப்ப என் முறையா? கொடு, வாங்கிக்கறேன்."

"என்னோடது அமுலுகிட்ட கீது மேடம். அதுக்குப் பண்ணல." பின்னால் அவள் அண்ணி யாரையோ கூப்பிடுவதும், தட்டு கீழே விழுவதும் கேட்டது. "உங்களோடத வாங்கிக்கத்தான் பண்ணேன். மத்தியானம் நீங்க தள்ளினது என்னோடதுதான. உங்களோடது அங்கயே இருக்கும் இல்ல?"

ஷாலினி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். பிறகு முகத்தைப் போனோடு சேர்த்து அழுத்திக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லாததால், கட்டாகிவிட்டதோ என்று அவளுக்கே பயம் வந்து, "ஹலோ," என்றாள்.

"லைன்லதான் இருக்கேன் மேடம்," என்றாள் அஞ்சலாட்சி. "நீங்க மெதுவா குடுங்க."